அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்

"அழுகுணித் தம்பி, டீ ஆறிடும்" என்றாள் சமையற்காரம்மா.

எழுத்தாளன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாவது நாவலை எழுதி முடிப்பதற்காக, சுற்றுலாக்காரர்கள் வந்துபோகும் அந்தக் கடலோரக் கிராமத்தில் வீடு பிடித்துத் தனியாக வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அழுகுணி என்று அவனைக் கூப்பிட்டவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவனுடைய அக்கா. அவள் செத்து நான்கு வருடம் ஆகிறது.

அந்தப் பேரை யார் சொன்னது என்று கேட்டான். மீன் வாங்கப் போன இடத்தில் யாரோ ஒரு அம்மா சொன்னதாகச் சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுத உட்கார்ந்தான். சுண்ணாம்புச் சுவரில் பட்ட வெயில் கண்ணைக் கூச, உப்பும் காய்ந்த பாசியும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்து தாளின்மேல் படிய, அலையின் இரைச்சலுக்கு அடியில் யாரோ ஒருத்தி மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பதுபோல ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வரிகூட ஓடவில்லை.

முதல் நாவல் தானாக ஓடியது. கல்யாணத்துக்கு முன்னால் தனக்கு ஒரு குழந்தை பிறந்ததையும், அதை யாருக்கோ கொடுத்துவிட்டதையும் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். கிணற்றில் போட்ட கல்லாக இருக்கட்டும் என்றாள். அவளுடைய பெயரை மட்டும் மாற்றி அவன் அப்படியே எழுதினான். பரிசு வந்தது. அவளுடைய புகுந்த வீட்டாரும் படித்தார்கள். ஊர் வாயில் விழுந்தவள் கடலில் இறங்கினாள்.

மத்தியானம் பேனா வாங்கப் போனான். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பன்னிரண்டு வயது வரைக்கும் படுக்கையை நனைத்தீர்களாமே என்று விசாரித்தார். படகுக்காரர் அதற்கும் மேலே போனார். பள்ளிக்கூடத்தில் அவன் திருடியதும், பழி வேறொரு பையன்மேல் விழுந்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் கோபமில்லை. நல்ல கதை கேட்ட திருப்திதான் முகத்தில்.

ஓடி வந்து பெட்டியைக் கட்டினான். வாசலை மறித்துக்கொண்டு சமையற்காரம்மா நின்றாள். இந்த முறை தம்பி என்று அழைக்கவில்லை.

"அன்னிக்கு உங்க அக்கா தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணாங்களாமே. பதினோரு தடவை. அடிக்கறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களாமே."

அதை அவன் எந்த உயிரிடமும் சொன்னதில்லை.

"அவ எங்க?"

அவள் கடற்கரையைக் காட்டினாள்.

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. கடைக்காரர். படகுக்காரர். பிள்ளைகளை மடியில் வைத்திருந்த சுற்றுலாக்காரர்கள். நடுவில், முதுகைக் காட்டியபடி ஒருத்தி.

அலைகளில் சத்தமில்லை. முணுமுணுப்பு மட்டும்.

அவன் கால்கள் நடந்தன. நிறுத்த முடியவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது.

அக்கா திரும்பினாள்.

திறந்த வாயிலிருந்து கடல்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நிற்காமல். அதில் ஒரு வார்த்தை இல்லை. சுற்றி இருந்த அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்தபடி, புரிகிறது புரிகிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.