தலை தீபாவளிக்கு மூன்றாவது குளம்

“தலையைக் குனிங்க மாப்ளே! எண்ணெ கண்ணுல இறங்கிரும்!”

பேரீச்சந்தோப்பின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, தங்கையின் கணவன் சுயம்புவின் உச்சந்தலையில் சளப் சளப்பென்று நல்லெண்ணெயை வைத்து அறைந்தான் மாசானம். மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சுயம்புவின் மாமியார் ஓமானுக்குக் கொடுத்தனுப்பியது. சுயம்புவுக்கும் இசக்கிக்கும் கல்யாணமாகி ஐந்து மாதம். இன்று தலை தீபாவளி. மாமியார் வீட்டில் ராஜ உபசாரத்தோடு நடக்க வேண்டிய எண்ணெய்க் குளியலை மஸ்கட் ஃபிளாட்டின் குளியலறையில் முடிக்க மாசானத்துக்கு மனம் வரவில்லை. இந்த மலை இடுக்குக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தால் மூன்று குளங்கள், மூன்றாவதில் குகைக்குள்ளேயே அருவி என்று கேள்விப்பட்டதும் இடத்தை முடிவு செய்துவிட்டான்.

“இங்கயே தேச்சுட்டா நடக்க நடக்க ஊறிரும். போனதும் இறங்கிற வேண்டியதுதான்!” என்றான். இப்படியொரு யோசனை வேறு யாருக்கு வரும்!

இசக்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. தாமிரபரணியில் விழுந்து எழுந்து வளர்ந்தவள் அவள். நீச்சல் தெரிந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பியவள். நான்காவதாக வந்த சுயம்பு பெண் பார்த்த அன்று அவள் முகத்தைப் பார்த்தான். “நல்லாவே நீந்துவேன்” என்று சொல்லிவிட்டான்.

பாவம், அவனுக்கு நீச்சலே தெரியாது! ஒட்டப்பிடாரம் கரிசல்காட்டுக்காரன்; முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தது அபூர்வம். உண்மை தெரிந்தால் இவள் தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று ஐந்து மாதமாக உள்ளுக்குள் உதறல்.

மலை வாசலில் தேங்கிய தண்ணீரைப் படகில்தான் கடக்க வேண்டும். படகோட்டி சாலிம் என்ற ஓமானியப் பெரியவர். எண்ணெய் வழியும் மண்டையை வியப்பாகப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த இந்தியில் எச்சரித்தார்.

“இரண்டாவது குளம் தாண்டினால் ஒரு இடுக்கு வரும். அங்கே கால் எட்டாது. நீந்தத் தெரியாதவர்கள் அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுங்கள்!”

“எங்க மாப்ளே மீனுல்லா!” என்று மாசானம் அவருக்கும் புரியட்டும் என்று கையை மீன் போல ஆட்டிக் காட்டினான்.

“பிடிச்சுக்க கயிறு ஏதும் கட்டியிருக்காமா?” என்று சுயம்பு சும்மா கேட்பது போலக் கேட்டான். மாசானம் விசாரித்துச் சொன்னான். பாறையோரமாக ஒரு கயிறு இருக்கிறதாம். சுயம்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நடந்தார்கள். இருபுறமும் செம்மண் நிறத்தில் செங்குத்தான மலை; அண்ணாந்தால் நீலத்தில் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. வீடு வீடாகக் கிடந்த பாறைகளில் ஏறிக் குதித்தார்கள். வெயில் ஏற ஏற எண்ணெய் புருவத்தில் இறங்கியது. சுயம்பு இரண்டு கைகளாலும் வழித்து வழித்துத் துடைத்துக்கொண்டே நடந்தான்.

முதல் குளம் முழங்கால் அளவு, இரண்டாவது இடுப்பளவு. தண்ணீர் பச்சைப் பசேலென்று அடிக்கல் தெரியக் கிடந்தது. “ஏங்க, சீக்கிரம் வாங்க!” என்று கத்திவிட்டு இசக்கி இடுக்குக்குள் பாய்ந்தாள். புதுத் துணி வைத்து மூடிய பெரிய பிளாஸ்டிக் டப்பாவோடு மாசானம் கடைசியாக வந்தான்.

சுயம்பு கயிற்றைப் பிடித்தான். ஐந்தடி போயிருப்பான், காலுக்குக் கீழே தரை இல்லை. கயிற்றை இறுக்கினான். கை வழுக்கியது! மறு கையை வீசினான். அதுவும் வழுக்கியது! “இச…” என்ற குரலைத் தண்ணீர் விழுங்கிவிட்டது.

இசக்கி திரும்பினாள். ஒரே பாய்ச்சல்! ஆற்றங்கரையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதானே, முடியைப் பிடித்து இழுத்தாள். எண்ணெய் முடி விலாங்கு மாதிரி நழுவியது. அவனோ அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளையும் அமுக்கினான்.

“அண்ணே! டப்பாவத் தள்ளு!”

மாசானம் தள்ளினான். அதைச் சுயம்புவின் நெஞ்சுக்கடியில் திணித்து, பனியனைக் கொத்தாகப் பற்றி அவனை மேலே கொண்டு வந்தாள் இசக்கி.

“என்னங்க ஆச்சு? பிடிப்பு கிடிப்பா?”

“தெரியாது இசக்கி! எனக்கு நீச்சல் தெரியாது!” இருமலுக்கு நடுவே அலறினான் சுயம்பு.

மாசானம் வாயைப் பிளந்தான். இசக்கியின் முகம் சுருங்கிவிட்டது.

“அஞ்சு மாசமாச்சு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? செத்திருந்தீகன்னா நான் என்ன செய்வேன்?”

“சொன்னா நீ எங்கூட இருந்திருப்பியா?”

அவள் அழுதாள். முகத்தை வழித்துவிட்டு, “வாங்க, திரும்பிருவோம்” என்றாள்.

“வேண்டாம். டப்பா இருக்கு, நீயும் இருக்க. நான் வாரேன்.”

அவள் இழுக்க, அவன் டப்பாவைக் கட்டிக்கொண்டு மிதக்க, இருபது வீச்சில் குகை திறந்தது! மேலே ஓட்டை வழியாக வெயிலும் அருவியும் சேர்ந்து இறங்கின. மாசானம் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்ததும் இசக்கி பிடுங்கி வைத்துக்கொண்டாள். கீழே உள்ள தோப்புகளுக்கெல்லாம் இந்தத் தண்ணீர்தான் பாய்கிறது, அதைக் கெடுக்கக் கூடாது என்று. எண்ணெய் போகாத தலையோடு, அருவியடியில் பாறையைக் கட்டிக்கொண்டு நின்ற சுயம்பு குழந்தை போலச் சிரித்தான். ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைக் கரையிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தண்ணீர் குடித்திருக்க வேண்டாமே என்று அவனுக்குத் தோன்றியது.

மத்தியானம் மூவரும் பத்திரமாகக் காருக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் இசக்கி அவனை விட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். போனில் சிக்னல் கிடைத்ததும் மாமியாரின் அழைப்பு வந்தது. சுயம்பு ஸ்பீக்கரில் போட்டான்.

“மாப்ளே, குளியல் ஆச்சா?”

“ஆச்சு அத்தை. ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு நீச்சல் தெரியாது. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

“அது எனக்கு அப்பவே தெரியுமே மாப்ளே! உங்க ஊருல குடிக்கதுக்கே லாரித் தண்ணி. இதுல நீங்க எங்க நீந்தியிருக்கப் போறீக? அவகிட்ட சொன்னா உங்களையும் வேண்டாம்னுருவா. அதான் வாய மூடிக்கிட்டேன்.”

இசக்கி போனைப் பறித்தாள்.

“எம்மா! நீயும் கூட்டா? ஊருக்கு வந்து உன்ன வச்சுக்கிடுதேன்!”

பிறகு எண்ணெய்த் தலையோடு நின்ற சுயம்புவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“நல்ல வேள எம்மா, நீ சொல்லாம இருந்த.”