ஒட்டு நிலா

நிலா தலைகீழாக இருந்தது.

காலையில் தேநீர்க் கோப்பையோடு சமையலறை மேசைக்கு வந்த ரோவன் அதைத்தான் முதலில் பார்த்தான். கணினித் திரையில் உப்பு ஏரியின் படம். அதன்மேல் நேற்று அவன் ஒட்டிய முழு நிலா. ஆரஞ்சுப் பழத்தின் காம்புக்குழி போல, நாலா பக்கமும் கதிர் ஓடும் ஒரு வெள்ளைப் பள்ளம் நிலாவில் உண்டு. இந்த ஊரில் நிலா எழும்போது அது வலது பக்கம் மேலே இருக்கும். இப்போது வலது பக்கம் கீழே கிடந்தது.

கை தவறியிருக்கும். திருப்பி வைத்தான்.

ஊரில் இது பழைய கேலி. முன்பொரு முறை நகரத்து ஆள் ஒருவன் நிலா கவிழ்ந்து தெரிகிற வடக்கு நாடு ஒன்றில் எடுத்த நிலாவை விலைக்கு வாங்கி, இந்த ஏரிமேல் ஒட்டி, அஞ்சலட்டை போட்டான். மதுக்கடை லொரெய்ன் அந்த அட்டையைச் சுவரில் தலைகீழாக மாட்டினாள். நிலா நேரானது. ஏரி கண்ணாடியாய்க் கிடந்ததால் எது வானம் எது தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், இப்பத்தான் சரியா இருக்கு பாரு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ரோவன் யாருடைய நிலாவையும் வாங்கியதில்லை. ஏரி முழுதும் அடங்குகிற லென்ஸில் நிலா பயறளவு சுருங்கிவிடும். அதனால் கோதுமைக் குதிர்களுக்குப் பின்னால் நின்று, நீள லென்ஸில் நிலாவைத் தனியாக எடுத்து வந்து ஒட்டுவான். இந்தப் படத்தில் ஏரி போன வருஷத்தது. நிலா இல்லாத ஒரு அந்தி. கணுக்கால் ஆழத் தண்ணீரில், மஞ்சள் ரப்பர் பூட்ஸோடு, அவன் மனைவி பெத்தானி. காலடியில், தண்ணீரில் தலைகீழாக அவள் நிழல்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில், பண்ணைக்கு வரும் சாலையில் ஒரு தானிய லாரி அவள் காரை மோதியது. சாம்பலை அவள் அண்ணன் கர்ட்தான் ஏரியில் தூவினான். அவள் கேட்டிருந்த ஒன்று அது.

ஊர் மண்டபச் சுவருக்குப் பெரிதாக ஒரு ஏரிப்படம் வேண்டும் என்றார்கள். ரோவன் இதைக் கொடுப்பதாகச் சொன்னான். அன்று மத்தியானமே கர்ட் வந்தான். தொப்பியைக் கழற்றாமல் மேசை ஓரம் நின்று திரையை வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான், ஏரி இருக்கட்டும், நிலா இருக்கட்டும். அவள மட்டும் எடுத்துரு."

"மாட்டேன்."

அம்மா அந்த மண்டபத்துக்குள் இனிக் காலே வைக்கமாட்டாள் என்றான் கர்ட். வைக்க வேண்டாம் என்றான் ரோவன்.

"இல்லாத நிலாவ ஒட்டத் தெரியுது உனக்கு. இல்லாதவள எடுக்கத் தெரியாதா?"

"நிலா அடுத்த மாசமும் வரும், கர்ட்."

கர்ட் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் நிலா மறுபடி கவிழ்ந்திருந்தது. திருப்பினான். கணினியை அணைத்தான், கம்பியைப் பிடுங்கினான். அடுத்த நாளும் கவிழ்ந்திருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்றால் யார்? வீட்டில் இருப்பது அவனும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், கொடியிலிருந்து அவன் இன்னும் எடுக்காத அவளுடைய மழைக்கோட்டும்தான். பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம் வந்தது. என் படம், என் நிலா, என் பெண்டாட்டி என்று வாய்விட்டே சொன்னான். படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து, சமையலறைச் சுவரில் நேராக வைத்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்தான்.

கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்தான். ஆணிகள் அடித்த இடத்தில் இருந்தன. நிலாவின் வெள்ளைப் பள்ளம் கீழே இருந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்தான். நிலாவைச் சுற்றியிருந்த வானத்தை ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவனின் கை ஓரிடத்தில் நின்றது. வானத்தில் வெடிப்பு. வறண்ட குதிகால்போல் மெல்லிய, வெளுத்த வெடிப்புகள். அவற்றின் விளிம்பில் உப்புப் பொருக்கு. ஏரியின் தரை அது. தண்ணீருக்குள் தெரியும் தரை.

நிலா திரும்பவில்லை. படமே திரும்பியிருந்தது.

அப்படியானால் இத்தனை நாளும் நேராக நிற்கிறாள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்த பெத்தானி, தண்ணீரில் விழுந்த நிழல். கீழே தலைகீழாகத் தொங்குகிறவள்தான் ஆள். அவள் பூட்ஸில் சேறு காய்ந்திருந்தது. அவள்மேல் காற்றுப் பட்டுச் சட்டை புடைத்திருந்தது. மேலே இருந்தவளின் சட்டையில் அசைவே இல்லை.

படத்தைக் கிழித்துப்போடலாம். அவளை அழித்துவிட்டுக் கர்ட்டிடம் கொடுக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. கேமராவை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். உண்மையான நிலா எழும்போது தெரிந்துவிடும். அதை யாரும் திருப்பிவைக்க முடியாது.

ஏரிக்கரையில் அழுகிய முட்டை வாடை, எப்போதும்போல. காற்று செத்திருந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்க, அவன் உப்பை நொறுக்கிக்கொண்டு, பிறகு சேற்றை மிதித்துக்கொண்டு, பிறகு தண்ணீரில் சத்தமில்லாமல், கரை ஒரு பழுப்புக் கோடாகும் வரை கிழக்கே நடந்தான். சத்தமில்லாமல் நடந்ததை நின்ற பிறகுதான் கவனித்தான். தண்ணீர் சலசலக்கவில்லை. காலைச் சுற்றி வளையம் எழவில்லை.

இளஞ்சிவப்புக் கிளிக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கடந்தது. சத்தம் காலடியிலிருந்து வந்தது.

நிலா எழுந்தது.

பெரிதாக, துருநிறத்தில். நீள லென்ஸை உயர்த்தினான். பள்ளத்தைத் தேடினான்.

வலது பக்கம். கீழே.

லென்ஸைத் தாழ்த்தித் தண்ணீருக்குள் இருந்த நிலாவைப் பார்த்தான்.

வலது பக்கம். மேலே. இந்த ஊரில் எப்படி இருக்குமோ அப்படி.

குனிந்து பார்க்கக் கூடாது என்று நினைத்தான். குனிந்தான்.

அவன் பூட்ஸின் அடியோடு அடி ஒட்டி, மஞ்சள் பூட்ஸ். பெத்தானி. சாகும்போது முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். இப்போது தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. ஒரு வருஷ வளர்த்தி. காற்றில் பறந்தது. அவளைச் சுற்றித் தண்ணீரில் வளையங்கள் எழுந்து விரிந்தன. அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

பக்கத்தில் கர்ட். தொப்பி கழற்றாத கர்ட். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. அவன மட்டும் எடுத்துரு என்கிறான் என்று ரோவனுக்குத் தெரியும்.

பெத்தானி இல்லையென்று தலையாட்டினாள். கர்ட் அவள் தோளில் கை வைத்தான். இன்னும் ஏதோ சொன்னான்.

அவள் குந்தி உட்கார்ந்தாள். ஒரு விரலால் தண்ணீரைத் தேய்த்தாள்.

ரோவனின் இடது பூட்ஸின் முனை போயிற்று. ரத்தம் இல்லை. வலி இல்லை. அந்த இடத்தில் ஏரித் தரையின் உப்பு. பக்கத்து உப்பை எடுத்து இழுத்துப் பூசியதுபோல், வெடிப்புக்கூடப் பொருந்தி. அவனே எத்தனையோ படங்களில் செய்த வேலை. சுத்தமாகச் செய்தாள்.

"மாட்டேன்," என்றான். "பெத், நான் மாட்டேன்னு சொன்னேன்."

அவள் அழுதுகொண்டே தேய்த்தாள்.

கரைக்கு ஓடலாம். ஓடக் கால் இருந்தது, ஒன்று. ஓடவில்லை. கேமராவை அவள் முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். முழங்கால் போயிற்று. அவன் விழவில்லை. உப்பின்மேல், எதன்மேலும் நிற்காமல், நின்றான். இடுப்பு. பெல்ட். சட்டையின் கடைசிப் பொத்தான். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை அவன் எடுத்ததே இல்லை. அழுத்தினான்.

விரல் ஏறி வந்துகொண்டிருந்தது. நிதானமாக, ஒரு மயிரிழையும் விடாமல்.