அனுமதி இல்லை

ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது செல்போன் ஒருமுறை அதிர்ந்தது. கூடத்து விளக்கைப் போட அனுமதி வேண்டுமாம். கீழே இரண்டு பொத்தான்கள்: சரி, வேண்டாம். விண்ணப்பம் போட்டிருப்பது, மகளின் அறையில் மைக் வழியாக அவள் இருமலைக் கவனிக்கும் சர்வீஸ், பின்னணியில் ஓடும் ஒரு சின்ன மென்பொருள். அதற்கு விளக்கோடு என்ன வேலை?

'வேண்டாம்' என்று தட்டிவிட்டு நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. அலுவலகத்தில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவன் பிழைப்பு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரில் எவனோ சோம்பேறித்தனமாக ஓடவிட்ட ஒரு சர்வீஸுக்குள் திருடன் புகுந்து மொத்தத்தையும் நாறடித்துவிட்டான். வாரம் முழுக்க அதைக் கழுவியதில் கண்ணெல்லாம் எரிந்தது.

அந்தப் பயத்தில்தான் நேற்று வீட்டிலும் கை வைத்தான். ஐந்தாவது மாடியிலிருந்த அந்த வீட்டின் விளக்கு, பூட்டு, ஜன்னல் எல்லாம் செருப்பு அலமாரிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரின் கையில். இனி அதில் எதுவும் ரூட்டாக ஓடக் கூடாது. பின்னணியில் ஓடும் ஒவ்வொன்றுக்கும் அதிகாரமில்லாத ஒரு சாதாரண யூசர் கணக்கு. தன் வேலையை மீறி எதையாவது தொட வேண்டுமென்றால், அதற்கு உரியவரிடம் அனுமதி வாங்கட்டும். மைக் சர்வீஸின் முறை வந்தபோது புது யூசர் உருவாக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. தம்பியின் பழைய யூசர் கணக்கு சும்மாதானே கிடக்கிறது என்று அதன் தலையில் கட்டினான். அந்த ஆள் லாகின் செய்யாவிட்டாலும் ஓடிக்கொண்டே இரு, செத்து விழுந்தால் மறுபடி எழுந்திரு என்று இரண்டு வரிகளையும் சேர்த்தான். தம்பி ஏரியில் மூழ்கி இரண்டு வருஷம் ஆகிறது.

செல்போன் மறுபடி அதிர்ந்தது. குளியலறை விளக்கு. வேண்டாம். வாசல் கதவு. வேண்டாம்.

தம்பியும் இப்படித்தான். சொந்த அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமாண்ணா?" என்பான். அப்படியொரு கூச்சம். குழந்தையிடம் மட்டும் அது கிடையாது. தன் பாதங்களின்மேல் அவளை ஏற்றி நிற்க வைத்து வீடு முழுக்க நடப்பான்.

மருத்துவமனையில் டியூட்டியில் இருந்த மனைவி கூப்பிட்டாள்.

"பாப்பா இருமுறாளா?"

"இல்ல. ரூம்ல படம் வரைஞ்சிட்டு இருக்கா."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"அசதி. வேறென்ன."

போனை வைத்த பிறகு வீடு மிகவும் அமைதியாக இருந்தது. ஃப்ரிட்ஜின் முனகல், அலமாரிக்குள் கம்ப்யூட்டரின் சின்ன விசிறி சுற்றும் சத்தம், அதற்கு நடுவே எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கூடவே காயாத துணியின் வாடை என்று அவன் முதலில் நினைத்து, பிறகு பாசியின் வாடை என்று தெரிந்துகொண்ட ஏதோ ஒன்று. கொடியில் கிடந்த துண்டை எடுத்து மோந்து பார்த்தான். சோப்பு வாசனைதான் வந்தது.

லேப்டாப்பைத் திறந்து அந்த சர்வீஸை நிறுத்தினான். எழுந்தது. அவன் எழுதிய வரிதானே. அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி நிறுத்தினான். மறுபடியும் எழுந்தது.

அந்த சர்வீஸின் பதிவுகளைக் கீழே தள்ளிப் படித்தான். கூடத்து விளக்கு: அனுமதி இல்லை. குளியலறை விளக்கு: அனுமதி இல்லை. வாசல் கதவு: அனுமதி இல்லை. பாப்பாவின் அறை, கதவும் ஜன்னலும்: அனுமதி தரப்பட்டது.

அவன் தரவில்லை. கம்ப்யூட்டரில் அந்த அறை மகளின் பெயரில் இருந்தது. பிறந்தநாள் பரிசாக அவனே எழுதிக் கொடுத்தது. அந்த அறைக்கான விண்ணப்பம் அவள் டேப்லெட்டுக்குத்தான் போகும். அதை அடியோடு மறந்திருந்தான்.

ஓடினான். கதவு பூட்டியிருந்தது.

"பாப்பா! கதவைத் தொற!"

"முடியாதுப்பா. பூட்டு இப்ப சித்தப்பாகிட்ட இருக்கு."

"யாருகிட்ட?"

"சித்தப்பா. பாவம்ப்பா. எது கேட்டாலும் நீ வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டியாம். நான்தான் சரின்னு சொன்னேன்."

செல்போனில் ரூட்டாக நுழைந்து பூட்டைத் திறக்கச் சொன்னான். அனுமதி இல்லை. மறுபடி. அனுமதி இல்லை. அலமாரிக்கு ஓடி வயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. பூட்டு திறக்கவில்லை. தோளால் இடித்தான். கதவு அசையவில்லை.

உள்ளே சிரிப்பு. அவளுடையது.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் விரல்களை நனைத்தது. குளிர்ந்த தண்ணீர். பாசி வாடை. தரையில் படுத்து, கன்னத்தை ஈரத்தில் அழுத்தி, இடுக்கு வழியாகப் பார்த்தான்.

இரண்டு பாதங்கள். ஊதி, வெளுத்து. குதிகால்கள் அவன் பக்கம்.

அவற்றின்மேல், விரல்களை இறுகப் பதித்தபடி, இரண்டு சின்னப் பாதங்கள்.

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. காற்று வந்தது. பெரிய பாதங்கள், சின்னப் பாதங்களைச் சுமந்துகொண்டு, அந்தப் பக்கமாக ஓர் எட்டு எடுத்துவைத்தன. அவசரமே இல்லாமல், இன்னோர் எட்டு.