சுவரோரப் பெஞ்சு

வருகை எடுக்கும்போது பழக்கதோஷத்தில் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டாள் டீச்சர்.

"சிட்டு."

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. சிட்டு போன வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அடுத்த பெயருக்குப் போக வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

சுவரோரத்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

வறட்டென்று ஒன்று. பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு விசில். மறுபடி ஒன்று. டீச்சருக்கு அந்த இருமல் மனப்பாடம். எத்தனை பாடத்தை நடுவில் வெட்டியிருக்கிறது!

பெஞ்சு காலியாக இருந்தது.

"யாரு இருமினது?"

ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் 'வானொலி' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த வாயாடிப் பெண் மட்டும் எழுந்தாள்.

"சிட்டுதான் டீச்சர்."

"அவ லீவுடி."

"லீவுதான் டீச்சர். ஆனா இருமறாளே."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் பயந்தது தெரிந்துவிடும்.

வெளியே மழை விடுவதாக இல்லை. காலை நேரத்திலேயே டியூப்லைட் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுடைய வகுப்பறை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. சுவரே தெரியாமல் சார்ட்டுகள்: பழங்கள், விலங்குகள், சூரியக் குடும்பம், நல்ல பழக்கங்கள். அழகான வகுப்பறைக்கான சுழற்கேடயம் வருடக்கணக்காக இந்த அலமாரியை விட்டு நகர்ந்ததே இல்லை. மற்ற டீச்சர்கள் வயிறெரிந்தார்கள்.

சார்ட்டுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் தேநீர் சிந்தியது போல ஒரு கறை. சுவரில் ஓதம் ஏறியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதன்மேல் ஒரு சார்ட் ஒட்டினாள். ஈரச் சுவரில் டேப் நிற்கவில்லை. வீட்டில் மாவு கிளறிப் பசை காய்ச்சி எடுத்துவந்து, தாராளமாகப் பூசி ஒட்டினாள். சார்ட் ஊதிக்கொண்டு வந்தது. மேலே இன்னொன்று. அதுவும் ஊதியது. அதன் மேலும் ஒன்று. மழைக்காற்று ஓரங்களைக் கிழிக்கிறது என்று வென்டிலேட்டர்களை அட்டை வைத்து அடைத்து, அட்டைமேல் வண்ணத்துப்பூச்சிகள் வரைந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஈரமும் மாவும் புழுக்கமும் சேர்ந்தால் என்ன விளையும் என்று யோசிக்கத் தெரியாதவளா அவள்? அறிவியலும் அவள்தானே நடத்துகிறாள். தெரிந்தேதான், தன் கையாலேயே, பூசணத்துக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சிட்டு இருமத் தொடங்கினாள். பாடம் கெடுகிறது என்று அவளைப் பிரித்துச் சுவரோரத்தில் தனியாக உட்காரவைத்ததும் டீச்சர்தான்.

"டீச்சர், இங்க நாறுது."

"உன் மூக்கைக் கழுவிட்டு வா. நாறாது."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிட்டுவும் கூடவே சிரித்தாள். விசிலடிக்க விசிலடிக்க. அந்தச் சிரிப்பைத்தான் டீச்சரால் இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மதிய இடைவேளையில் போன் அடித்தது. சிட்டுவின் அம்மா. தையல் கடையில் காஜா எடுக்கிறவள். எப்போதும் அவள் குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடும். இன்று ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல்.

"டீச்சரம்மா, தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. டாக்டர் மறுபடியும் கேக்கறாரு. சிட்டு உக்கார்ற இடத்துல ஈரம், பூசணம் எதாவது இருக்கா? இருந்தா மருந்தே வேறயாம். இல்லாம அந்த மருந்தைக் குடுத்தா ஈரலைப் பிடிச்சுடுமாம். சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணணும்கறாரு."

"போன வாரமே சொன்னேனேம்மா..."

"சொன்னீங்க. எங்க கிளாஸு கண்ணாடி மாதிரி இருக்கும்னு சொன்னீங்க. நானும் அதையேதான் டாக்டர்கிட்ட சொன்னேன். இருந்தாலும் இன்னொரு தடவை..."

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

ஆமாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு கேள்வி வாசலில் நிற்குமே: அப்போ போன வாரம் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?

தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'பெரிய சார்'. அவள் இழுத்து இழுத்துச் சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க டீச்சர். காத்தையே அளக்கிற மெஷினோட வர்றாங்களாம். இன்னிக்குப் போய்ப் பூசணம் புண்ணாக்குன்னு..."

"பிள்ளைக்கு மருந்து மாத்தணும் சார்."

"டாக்டர் படிச்சவர்தானே, அவரே கண்டுபிடிப்பாரு. வென்டிலேட்டரை அடைச்சது யாரு? நானா? பேப்பர்ல வந்தா உங்க பேரும்தான் வரும்." பிறகு குரலைத் தாழ்த்தினார், தட்டிக்கொடுப்பது போல. "ஸ்கூல் விட்டதும் பெயிண்டர் வர்றாரு. எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க. வெள்ளை அடிச்சா முடிஞ்சுது."

பள்ளிக்கூடம் விட்டது. குடைகளும் கூச்சலும் கேட்டைத் தாண்டிப் போயின. தாழ்வாரத்துத் தகரக் கூரையில் மழை மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. டீச்சர் கதவைச் சாத்தினாள். கடைசி பெஞ்சை இழுத்துப் போட்டுவிட்டு, 'நல்ல பழக்கங்கள்' சார்ட்டின் மூலையில் நகத்தை வைத்தாள்.

கிழிக்க வேண்டியிருக்கவில்லை. வெந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் கீழே பழைய விலங்குகள் சார்ட். யானையின் முகம் பாதி கரைந்திருந்தது. அதன் கீழே பழங்கள். பசை நூல் நூலாக இழுபட்டது. புளித்த மாவும் நனைந்த சாக்கும் கழற்றிப் போட்ட காலுறையும் கலந்த ஒரு வாடை முகத்தில் அடித்து, மூக்கில் ஏறி, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவர் நெடுகக் கடைசிக் காகிதம்வரை உரித்தாள்.

கறுப்பு.

கறை இல்லை. ரோமம். வெல்வெட் போல அடர்ந்து, சுவர் முழுக்க. மழைக்குச் சுவர் சில்லென்றிருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

கறுப்பில் அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள். ஏனோதானோவென்று இல்லை. எல்லாம் ஒரே உயரம். பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளைகளின் வாய் வரும் உயரம்.

ஒரு குழியில் விரலை வைத்தாள்.

குழி விரலை இழுத்தது. மெதுவாக. விட்டது. மறுபடி இழுத்தது.

விரலைப் பிடுங்கினாள். இருமல். கடைசி பெஞ்சு பக்கமிருந்து. பிறகு அதற்கு முன்னாலிருந்து. அதற்கும் முன்னால். வரிசையாக. வகுப்பு முழுக்க. வருகை சொல்வது போல, ஒன்றன்பின் ஒன்றாக.

கதவு திறந்தது.

"பசங்க இன்னும் வீட்டுக்குப் போகலியா மேடம்? இருமல் சத்தம் வெளியில கேக்குது." தாடிக்காரப் பெயிண்டர் வாளியை இறக்கினார். சுவரைப் பார்த்து விசிலடித்தார். "அடேங்கப்பா! கரடி வளக்கறீங்களா?"

பின்னாலேயே பெரிய சார். சுவரை அவர் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"சுரண்டிட்டு அடிக்கவா சார்?"

"நேரமில்லப்பா. மேலயே இழு."

ரோலர் ஏறியது. கறுப்பின் மேல் வெள்ளைப் பட்டை. பக்கத்தில் இன்னொன்று. பெயிண்ட் வாடை மற்ற வாடையைத் தின்றது. இருமல் நின்றுவிட்டது. சட்டென்று. யாரோ தலையணையை வைத்து அமுக்கியது போல.

போன் அடித்தது.

"டீச்சரம்மா?" சிட்டுவின் அம்மா மூச்சிரைத்தாள். "பிள்ளைக்கு முடியல. இப்பதான், திடீர்னு. மூச்சே உள்ள போகமாட்டேங்குது. டாக்டர் பக்கத்துலயே நிக்கறாரு. பாத்தீங்களா? இருக்கா, இல்லையா?"

பெரிய சார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் திரும்பவில்லை. டீச்சர் வாயைத் திறந்தாள். 'ஆ' என்ற எழுத்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூடவே அந்தக் கேள்வியும் வந்தது. போன வாரம் ஏன்? காது மடல் வரை சூடு ஏறியது. அவமானம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. எவ்வளவோ பெரிதாக.

"டீச்சரம்மா! ஒரு வார்த்தை!"

"இல்லம்மா," என்றாள். "நல்லாப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

மறுமுனையில் அம்மா யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. "இல்லையாம் டாக்டர். டீச்சரே பாத்துட்டாங்களாம்." பிறகு அவளிடம், அழுகையோடு: "ரொம்ப நன்றிங்க டீச்சரம்மா."

"சுவரு பெயிண்டை என்னமா குடிக்குது!" என்றார் பெயிண்டர்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

ஈர வெள்ளையில் அசைவு. வாய் உயரத்தில் பெயிண்ட் படலம் உள்நோக்கிக் குழிந்தது. ஓரிடத்தில். பக்கத்தில். அதற்குப் பக்கத்தில். பாலாடையை உள்ளிருந்து உறிஞ்சுவது போல, வரிசை வரிசையாக, காற்றுக்காக. பெயிண்டர் ரோலரை வாளியில் முக்கி, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனார். மூடியவை மூடியபடி நின்றன.

கடைசி பெஞ்சுக்கு நேராக இருந்தது மட்டும், மற்றதையெல்லாம்விடச் சின்னது, அவர் மூட மூட, மறுபடி மறுபடி திறந்தது.

"இதுக்கு இன்னொரு கோட் குடுக்கணும்," என்று சொல்லி, அவர் ரோலரை அழுத்தினார்.