சுவரில் ஓர் அரசங்கன்று

அந்தச் செடியை அம்புஜவல்லி டீச்சர் வரையவே இல்லை.

விருத்தாசலத்தில், பெண்கள் பள்ளியில் டிராயிங் சொல்லிக்கொடுப்பவள். கல்யாணம் ஆகாமலே நாற்பதைத் தாண்டிவிட்டவள். ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் ஒரு மாடிவீட்டில் தனியாக இருந்தாள். தீபாவளி லீவுக்குத் தம்பி கலியமூர்த்தி பெண்ணாடத்திலிருந்து குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை. சுட்டுவைத்த முறுக்கெல்லாம் நமுத்துப்போன பிறகு, தன் தெருவையே வரைய உட்கார்ந்தாள். எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி: பீங்கான் சூளையின் புகைபோக்கி, ஈரம் ஊறிய சுவர்கள், நடுவில் அவள் வீடு. தெருவில் ஓர் ஆள்கூட இல்லை. யாரை வரைவது?

மறுநாள் மத்தியானம் பார்த்தால், படத்தில் அவள் வீட்டு மாடி ஜன்னலுக்குக் கீழே, செம்பு நிறத்தில் இரண்டு அரசந்தளிர். பிளேடால் சுரண்டி எடுத்தாள். மனசு கேட்கவில்லை. கீழே இறங்கிப்போய் நிஜச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். வெறும் சுண்ணாம்பு.

எதிர்வீட்டுக் கண்ணம்மாள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், செவுத்தயே பாத்துக்கினு நிக்கறீங்க?"

"அரசங்கன்னு ஏதாச்சும் மொளைச்சிருக்குதான்னு பாத்தேன்."

"அது ஆளில்லாத வூட்லதான டீச்சர் மொளைக்கும்" என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் ஐப்பசி மழை அடைத்துக்கொண்டு பெய்தது. அறைக்குள் குழைத்த களிமண் வாசனை ஏறிக்கொண்டே இருந்தது. சுவருக்குள்ளே காரை உதிர, எலியும் இல்லாமல் பல்லியும் இல்லாமல் ஏதோ ஒன்று வழி தேடி மெல்ல நகரும் சத்தம், அவள் காதை வைத்தால் நின்று, எடுத்தால் தொடர்ந்தது. படத்தில் சுரண்டிய இடத்திலேயே தளிர் மறுபடி முளைத்து, கிளையாகியிருந்தது. சாம்பல் பூத்த அந்தத் தெருவில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கைக்கு ஒருநாளும் வராத பச்சை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிளேடை அழுத்தி, தண்டை அறுத்தாள்.

விரல் வலித்தது. பிளேடு படாத விரல். நுனி பிளந்து, வெள்ளையாகப் பால் வடிந்தது. பிசுபிசுவென்று.

யாரையாவது கூப்பிட வேண்டும். ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்தாள்.

விட முடியவில்லை.

கால் நகரவில்லை. தரையில் விரிசல். பாதத்துக்குக் கீழே குளிர்ச்சி. மண்ணின் குளிர்ச்சி. விரல்கள் கம்பியைத் தாண்டி நீண்டன. வெளியே. இன்னும் வெளியே.

மழை விட்டு வெயில் அடித்தது. எதிரே கண்ணம்மாள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். கண்ணம்மா, கண்ணம்மா என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். இலைகள் சலசலத்தன. அவ்வளவுதான்.

கண்ணம்மாள் அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அடியாத்தே, எம்மாந் தழ! டீச்சர் தம்பி வூட்டுக்குப் போயிட்டாங்க போலருக்குது. வர்றதுக்குள்ள செவுத்தயே பொளந்துடும்."

தொரட்டி மேலே வந்தது. கொக்கி மாட்டியது. முறிந்தது.

சொரசொரப்பான நாக்கு. சூடு. பற்கள்.

"தின்னுடி, எளந்தழ."

ஆடு கண்ணை மூடிக்கொண்டு மென்றது. தொரட்டி மறுபடி மேலே வந்தது.