மேல்வீட்டுப் பெரியவர்

மாடியில் இன்னும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கறிப்பையை அடுப்படியில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த சிவபாண்டிக்கு முதலில் அது உறைக்கவில்லை. தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு, சுற்றுக்கு ஒருமுறை சின்னதாக ஒரு விக்கல். சிம்மக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் என்பதால் எந்த மின்விசிறிக்கு என்ன கோளாறு என்று கீழே இருந்தபடியே சொல்லிவிடுவார். அது மேல்வீட்டுப் பின்அறை மின்விசிறி. ஆனால் மேல்வீட்டில் இப்போது ஆளே இல்லை. கறிக்கடையிலிருந்து திரும்பும்போதுதான், சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி தெருமுனையில் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்திருந்தார். முன்சீட்டில் சூர்யபிரகாஷும் அவன் மனைவி தமிழ்வாணியும் இருந்தார்கள். அவள் மடியில் இருந்த மகளின் முகத்தைத் தன் தோளில் அழுத்திப் பிடித்திருந்தாள். சிவபாண்டி கையைத் தூக்கினார். சூர்யபிரகாஷ் அவரைப் பார்த்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாவியை மனைவி ரோகிணியின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வார்த்தை நின்று பேசவில்லையாம்.

விளாங்குடியில் இருந்த இடத்தில் மேலே ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்ட நாளிலிருந்து சிவபாண்டி பார்க்காத ரகமில்லை. சோற்றுப் பருக்கையைக் கொட்டியே தொட்டிக் குழாயை அடைத்தவர்கள், டைல்ஸில் துளை போட்டவர்கள், நாய் இல்லை என்று சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நாயைக் கொண்டுவந்தவர்கள். சூர்யபிரகாஷ் குடும்பம் அப்படியில்லை. தண்ணீர் வரவில்லை என்றுகூட ஒரு நாள் வந்து நின்றதில்லை. ஒரே ஒரு விஷயம்தான். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை என்றுதான் வீடு கேட்டார்கள். ஆனால் தண்ணீர்த் தொட்டி கழுவ மொட்டைமாடிக்கு ஏறிய ஒரு நாள், பின்அறை ஜன்னல் வழியே ஒரு கிழவர் படுத்திருப்பதை சிவபாண்டி பார்த்துவிட்டார். சொல்லாமல் அப்பாவைக் கூட்டிவந்து வைத்திருக்கிறார்கள். கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தார். ரோகிணிதான் தடுத்தாள். வயசான சீவன், எம்புட்டுத் தண்ணியக் கொட்டிறப் போகுது, விடுங்க என்றாள். விட்டுவிட்டார்.

மின்விசிறியை அணைக்க மேலே போனார்.

வீடு துடைத்து வைத்தது போலிருந்தது. சுவரில் ஆணி இல்லை. பிள்ளை கிறுக்கிய இடங்களைக்கூட ஈரத்துணியால் தேய்த்திருந்தார்கள். அடுப்பு மேடையில் பினாயில் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று, மழையில் நனைந்து காயாமல் மூலையில் கிடக்கும் சாக்கின் வாசனை, பின்அறையை நெருங்க நெருங்கக் கனத்துக்கொண்டே வந்தது. கதவு பாதி சாத்தியிருந்தது. தள்ளினார்.

மடக்குக் கட்டிலில், சுவரைப் பார்த்தபடி, பெரியவர் படுத்திருந்தார்.

சிவபாண்டிக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அவசரத்தில் ஆளையே மறந்துவிட்டார்களா. பிறகு, சாமானை இறக்கிவிட்டு அடுத்த நடையில் கூட்டிப்போக வருவார்கள் என்று தோன்றியது. "ஐயா, வண்டி திரும்பி வருதா?" என்று கேட்டார். பெரியவர் அசையவில்லை. வேட்டியை இழுத்துப் போர்த்தியிருந்த முதுகு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறியை அப்படியே விட்டுவிட்டு சிவபாண்டி இறங்கி வந்தார்.

மதியம் வரை வண்டி வரவில்லை. சூர்யபிரகாஷின் எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரோகிணி ஒரு தட்டில் ரசம் சோறு பிசைந்து கொடுத்தாள். சிவபாண்டி அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, ஐயா, சாப்பிடுங்க என்று தோளைத் தொட்டார். விரல்கள் உள்ளே போயின. ஊறவைத்த மாவில் அழுத்தியது போல, எலும்பு தட்டாமல் போயின. சட்டென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். நோயாளி உடம்பு, நீர் கோத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. பெரியவர் சுவரைப் பார்த்தபடி அதே இடத்தில் அதே மாதிரி கிடந்தார்.

வெயில் சாயத் தொடங்கியபோது சிவபாண்டிக்குக் கோபம் ஏறிவிட்டது. பெற்றவரை பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். வாடகை வீட்டில் விட்டுப்போனதை இப்போதுதான் பார்க்கிறார். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். ரோகிணி கேட்கவில்லை. பெற்ற மகனே விட்டுப்போன மனுஷனைப் போலீஸ்காரனும் வந்து இழுக்கணுமா என்று கண்கலங்கினாள். தானே போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு, ஊர் பேராவது கேட்டு வருகிறேன் என்று கஞ்சியோடு படியேறினாள்.

நெடுநேரம் அவள் வரவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு மறுபடியும் மறுபடியும் போன் போட்டுக்கொண்டிருந்த சிவபாண்டிக்கு மேலிருந்து அவள் பேசுவது கேட்டது. என்னவென்று பிரியவில்லை. அவள் பேசுவாள், நிறுத்துவாள், பிறகு லேசாகச் சிரிப்பாள். நடுவில் ஒரு சின்னப் பிள்ளையின் பாட்டுச் சத்தமும் வந்தது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தார்.

அவள் இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பெரியவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவர் வாயே திறக்கவில்லை என்றாள் ரோகிணி. குரல் கம்மியிருந்தது.

"அப்ப யார்ட்ட பேசிக்கிட்டு இருந்த?"

"நானா? நான் எங்க பேசினேன். ஊட்டிக்கிட்டுல்ல இருந்தேன்."

தொண்டை கட்டியதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உப்புத்தண்ணீர் வைக்க உள்ளே போனாள். அவள் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. மேற்கே வானம் செங்கல் நிறத்துக்கு வந்து மங்கியது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நேற்றே கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது.

போன் அடித்தது. சூர்யபிரகாஷ்.

சிவபாண்டி அவனைப் பேசவே விடவில்லை. பெற்ற அப்பனை இப்படி அநாதையாகப் போட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது, உன் பிள்ளை நாளைக்கு உனக்கு இதைத்தானே செய்யும் என்று மூச்சு வாங்கப் பேசினார்.

"யாருண்ணே எங்கப்பா?"

"பின்ரூம்ல படுத்திருக்காரே, அவரு."

"எங்கப்பா தேனியில இருக்காருண்ணே. தோட்டத்துல. அவரு உங்கப்பா இல்லையா?"

சிவபாண்டி திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தார். அவருடைய அப்பா இறந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அப்பாவின் படம் உள்ளே கூடத்தில் மாலையோடு தொங்குகிறது.

சூர்யபிரகாஷ் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டு போனான். குடிவந்த அன்றே பெரியவர் அந்த அறையில் இருந்தாராம். அதற்கு முன்னால் அங்கே இருந்த பேச்சிமுத்து, செல்லூரில் தறி ஓட்டுகிறவர், சாமான் ஏற்றும்போது இவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: பெரியவருக்கு ரெண்டு வேளை சோறு வைத்தால் போதும், வீட்டுக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்குச் சங்கடம். அப்பாவைக் கீழே வைத்துப் பார்க்க முடியாமல் மேலே விட்டிருக்கிறார், அதனால்தான் வாடகையைக் குறைத்துச் சொல்கிறார் என்று இவர்களும் நினைத்துக்கொண்டார்கள். தட்டு வைப்பது பாப்பாவின் வேலை. தாத்தா தாத்தா என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பாளாம். மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பாளாம்.

"அப்புறம் அவளுக்குத் தொண்ட கட்டுச்சுண்ணே. சளின்னு நெனச்சோம். ஒருநா பேச்சே வரல. பெரியாஸ்பத்திரி வரைக்கும் பாத்துட்டோம், தொண்டையில ஒண்ணுமில்லங்குறாங்க."

சிவபாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"போன வாரம் நான் வேலை முடிஞ்சு படியேறுறேன். உள்ள பாப்பா பாடுறா. அவ பாட்டு, அவ குரலு. செருப்பக்கூடக் கழட்டாம ஓடுறேன். பாப்பா வாணி மடியில தூங்கிக்கிட்டு இருக்காண்ணே. சத்தம் பின்ரூம்ல இருந்து வருது."

அவன் பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் நீளமாகக் கேட்டு அடங்கியது.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சிவபாண்டி கேட்டார். கேட்டது அவருக்கே காதில் விழவில்லை.

"நீங்க தெரிஞ்சுதான் ஒவ்வொரு குடும்பமா வைக்கிறீங்கன்னு வாணி சொன்னா. அதான் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமப் போனோம். உங்களுக்கும் தெரியாதுன்னா..." அவன் குரல் உடைந்தது. "நாங்க வாடகைக்கு இருந்தவங்க, காலி பண்ணிட்டு வந்துட்டோம். நீங்க எங்கண்ணே போவீங்க? அக்காவ மட்டும் மேல விட்றாதீங்க. கையால ஊட்ட விட்றாதீங்க."

சிவபாண்டி போனை அணைக்கக்கூட இல்லை. அது நாற்காலியில் கிடந்து அண்ணே, அண்ணே என்றது.

உள்ளே கொப்பளிக்கும் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. கூடத்துக்குள் வந்து கதவைச் சாத்தி மேல்தாழ்ப்பாளைப் போட்டார். விளக்குப் போட்டார். ரோகிணி அடுப்படி வாசலில், கையில் செம்போடு நின்றிருந்தாள்.

"ரோகிணி."

அவள் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

செம்பு கீழே விழுந்து உருண்டது. தண்ணீர் அவர் கால்விரலை நனைத்தது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் பிதுங்கின. மூச்சு மட்டும் வந்தது. சுடச்சுட, வெறும் மூச்சு.

வாசல்கதவை முதுகால் அழுத்தியபடி அவளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி. பின்வாசல். பைக் சாவி. எதைச் செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். அவள் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது.

மேலே கட்டில் கிரீச்சென்றது.

பிறகு தரையில் ஒரு கால். ஈரமான, பொதபொதவென்ற கால். இன்னொரு கால். அறையைக் கடந்தது. கூடத்தைக் கடந்தது. வெளிப்படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி ஒரு தடவை அதிர்ந்தது. படி இறங்கும் சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

சத்தம் வாசலில் வந்து நின்றது.

நனைந்த சாக்கின் வாசனை கதவுக்கு அடியில் வழிந்து வந்தது.

"என்னங்க."

ரோகிணியின் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட குரல். கொஞ்சம் அலுப்பும், கொஞ்சம் உரிமையும்.

"என்னங்க, கதவத் தொறங்க. இருட்டிருச்சு."

சிவபாண்டி மூச்சை அடக்கினார். தோளில் சாய்ந்திருந்தவளின் உதறல் நின்றிருந்தது. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் நிக்கிறது. தொறங்க."

அவள் உதடுகள் அசைந்தன. கதவுக்கு வெளியே கேட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அதே சொல்லாக, ஓசையில்லாமல். எம்புட்டு. நேரம். நிக்கிறது. கண்களிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று தலை இடமும் வலமும் ஆடியது.

அவளுடைய வலதுகை அவர் தோளுக்கு மேலாக நீண்டு, தாழ்ப்பாளை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தது.