முதல் சாப்பாடு யார் வீட்டில்?

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவார். அவர் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரிடமும் "சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்" என்பார். சாயங்காலம் அத்தனை பேரும் மொத்தமாக வந்து நிற்பார்கள். அவர்களிடம் பேசிச் சமாளிப்பது அம்மாவின் வேலை.

அந்த வியாதியை அப்பா வெளிநாட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த கார் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே அது தெரிந்துபோயிற்று.

அப்பா கார் ஓட்டினார். பக்கத்தில் அம்மா. பின்னால் நானும் தம்பியும், நடுவில் ஒரு பிஸ்கட் பையும். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. வீட்டில் என்னை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நியாயம் கேட்டால் இந்த வீட்டில் பட்டம்தான் கிடைக்கும்.

அந்த நாட்டில் எங்களுக்கு இரண்டு சொந்தங்கள் இருந்தன. ஒருவர் அத்தை, அப்பாவுக்கு அக்கா. தையல் கடை நடத்துகிறார். மாமாவுக்குக் கப்பலில் வேலை என்பதால் பாதி நாள் அத்தை வீட்டில் தனியாகத்தான் இருப்பார். இன்னொருவர் சித்தப்பா, அப்பாவுக்குத் தம்பி. பஸ் ஓட்டுகிறார். அவருக்கும் சித்திக்கும் ஒரு கைக்குழந்தை உண்டு. இரண்டு பேர் வீட்டுக்கும் போக வேண்டும், நடுநடுவே ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

பாலம், அருங்காட்சியகம், கடைத்தெரு என்று பெரியவர்கள் நிறைய இடங்கள் வைத்திருந்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும். விமான நிலையத்துச் சாலை நேராகப் போய்க் கடலில் முடியும் இடத்தில் அது நிற்கிறது. அங்கிருந்து இடதுபக்கம் திரும்பினால் அத்தை ஊர், வலதுபக்கம் திரும்பினால் சித்தப்பா ஊர். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்.

முதலில் அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்பா கார் ஓட்டிக்கொண்டிருந்ததால், எல்லாருக்கும் கேட்கும்படி அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"கிளம்பிட்டீங்களா? நான் விடியும்போதே எழுந்து சமைக்க ஆரம்பிச்சுட்டேன். கடைக்கு லீவு விட்டாச்சு. முதல் சாப்பாடு என் வீட்டுலதான்னு நீ சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"சரிக்கா" என்றார் அப்பா.

அந்தப் பேச்சு முடிந்ததும் சித்தப்பா கூப்பிட்டார்.

"அண்ணா, எங்க வர்றீங்க? அவளுக்கு இன்னைக்கு டூட்டி, ராத்திரிதான் வருவா. நானே பாப்பாவை முதுகுல கட்டிக்கிட்டு சமைச்சிருக்கேன். முதல் சாப்பாடு இங்கதானே? நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

"சரிடா" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சாலையைப் பார்த்தார். இவ்வளவு கவனமாக அவர் சாலையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"கேட்டாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார் அப்பா. "ஒண்ணும் குடி முழுகிப் போகலை. முதல்ல அக்கா வீட்டுல கொஞ்சமா சாப்பிடுவோம். உடனே கிளம்பி தம்பி வீட்டுக்குப் போய் அங்கேயும் சாப்பிடுவோம். ஒரு வீட்டுல சாப்பிட்டதை இன்னொரு வீட்டுல யாரும் சொல்ல வேண்டாம்."

அம்மா திரும்பித் தம்பியைக் காட்டினார். "இவனோட ஓட்டை வாயை வெச்சுக்கிட்டா?"

"நான் சொல்ல மாட்டேன்மா" என்றான் தம்பி. "யாராவது கேட்டா மட்டும்தான் சொல்லுவேன்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணம், அத்தையும் சித்தப்பாவும் பேசிக்கொள்வதில்லை.

அந்தச் சண்டை இப்படித்தான் வந்தது. சித்தப்பாவுக்குப் பாப்பா பிறந்தபோது, அவர் அந்தச் செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லாரும் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தார். "ஊருக்கெல்லாம் சொல்ற மாதிரிதான் கூடப் பிறந்தவளுக்கும் சொல்லுவானா? ஒரு போன் பண்ண விரல் வலிச்சுதா?" என்று கோபித்துக்கொண்டு பார்க்கப் போகவில்லை. "அக்கா வந்து புள்ளையைப் பார்க்கலையே" என்று சித்தப்பா கோபித்துக்கொண்டு கூப்பிடவில்லை. பாப்பா இப்போது தவழ ஆரம்பித்துவிட்டது. அந்த நாட்டில் ஒருவரை விட்டால் மற்றவருக்குக் கூடப் பிறந்த சொந்தமும் கிடையாது.

போன மாதம் அத்தையோடு வீடியோவில் பேசும்போது, அவர் தையல் மெஷினில் உள்ளங்கை அளவு சட்டை ஒன்று இருந்தது. "யாருக்கு அத்தை?" என்று கேட்டேன். "கடைக்கு வந்தது" என்றார். அத்தை கடையில் பெரியவர்கள் துணி மட்டும்தான் தைப்பார்கள். அது எனக்குத் தெரியும். அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இப்போது அப்பா சொன்னபடி செய்தால், இரண்டாவதாகப் போகும் வீட்டில் குட்டு உடைந்துவிடும். அத்தையும் சித்தப்பாவும் இன்னும் தூரமாகப் போய்விடுவார்கள். அப்புறம் பாப்பா பள்ளிக்கூடம் போகும் வரை அத்தை அதைப் பார்க்கப் போவதில்லை. அப்படி நடக்க விடக் கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

கார் கலங்கரை விளக்கத்தின் அடியில் போய் நின்றது. வெள்ளை நிறம், உச்சியில் சிவப்புத் தொப்பி. கீழே புல்வெளியில் மரப்பலகை போட்ட நீளமான மேஜையும் பெஞ்சுகளும் இருந்தன. நான் அந்த மேஜையைத்தான் பார்த்தேன்.

"அம்மா, போனைக் குடுங்க."

"எதுக்கு?" என்று அப்பா பதறினார்.

"உண்மையைச் சொல்லப் போறேன்."

"வேண்டாம்மா. நேர்ல போய்ப் பக்குவமா சொல்லிக்கலாம்."

"நீங்க பக்குவமா சொன்னதுக்குத்தான் இப்ப ரெண்டு வீட்டுலயும் சோறு வெந்திருக்கு."

அம்மா போனை என் கையில் கொடுத்தார். அப்பா காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலில் அத்தையைக் கூப்பிட்டேன். "அத்தை, அப்பா உங்ககிட்ட சொன்னதையே சித்தப்பாகிட்டயும் சொல்லிட்டார். ரெண்டு வீட்டுலயும் முதல் சாப்பாடாம்."

"உங்கப்பா எங்க?" என்றார் அத்தை.

"காருக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டிருக்கார்."

"சரி. நீங்க அங்கேயே போங்க. நான் யாரு, மூணாம் மனுஷிதானே."

"போக மாட்டோம் அத்தை. உங்க வீட்டுக்கும் இப்ப வர மாட்டோம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழ இருக்கோம். இங்க பெரிய மேஜை இருக்கு. சமைச்சதை எடுத்துட்டு இங்க வாங்க. சித்தப்பாவையும் வரச் சொல்லப் போறேன். மறைக்காம முன்னாடியே சொல்லிட்டேன்."

"அவன் வர்ற இடத்துக்கு நான் எதுக்கு வரணும்?"

"எங்களுக்குப் பசிக்குது. பாப்பாவும் வரும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்து சித்தப்பா. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா வர மாட்டாங்க. அவங்க பிடிவாதம் உனக்குத் தெரியாது" என்றார்.

"என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது சித்தப்பா. நீங்க ரெண்டு பேரும் வர்ற வரைக்கும் நான் இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

சொன்னபடியே போய் உட்கார்ந்தேன். தம்பி பிஸ்கட் பையைத் திறந்தான். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் பையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு."

"கூடாது. நீ இதைத் தின்னு வயித்தை ரொப்பிக்கிட்டா, அவங்க கொண்டு வர்றதை யாரு சாப்பிடுவா?"

"அவங்க வரலைன்னா?"

நான் பையின் வாயை இறுக்கி மடித்தேன். கடல்காற்று முடியைக் கலைத்தது. இரண்டு பக்கச் சாலையிலும் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். எங்கள் ஆட்கள் யாரும் வரவில்லை.

அப்பா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சாயங்காலம் இதை மூடிடுவாங்களாம். நீ போய் ஏறிப் பார்த்துட்டு வாயேன். இதுக்காகத்தானே ஊர்லேருந்து நச்சரிச்சுட்டு வந்த?"

நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் கம்பி போட்ட வட்டமான இடத்தில் யாரோ நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஓடிப்போய் ஏற வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நான் மேல இருக்கும்போது அவங்க வந்து, கூப்பிட்டவளைக் காணோமேன்னு திரும்பிப் போயிட்டா?"

"நான் இருக்கேனே."

"நீங்க ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லி அனுப்பிடுவீங்கப்பா."

அப்பா தலையைச் சொறிந்தார். "தப்பு என்னுதுதான்" என்றார். "ஆமாம்ப்பா" என்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாலையைப் பார்த்தோம்.

இடதுபக்கத்திலிருந்து ஒரு சின்ன நீலக் கார் வந்தது. அத்தை. அவர் கார் ஓட்டினால் சைக்கிள்கூட முந்திக்கொண்டு போகும் என்று மாமா கிண்டல் செய்வார். அன்று எப்படியோ பறந்து வந்திருந்தார். பெரிய பாத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"உங்களுக்குப் பசின்னு சொன்னதால வந்தேன். வேற எதுக்கும் இல்லை" என்றார் எடுத்த எடுப்பிலேயே. பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தார். பாத்திரத்தை மடியை விட்டு இறக்கவில்லை. ஆனால் வலதுபக்கச் சாலையை அடிக்கடி பார்த்தார். நான் அதைக் கவனித்தேன்.

அந்தச் சாலையில் சித்தப்பாவின் கார் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் பாத்திரம், தோளில் பால் புட்டி வைத்த பை. அத்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அத்தையும் பாத்திரத்தோடு எழுந்து நின்றார். அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை மிதித்தார்.

இவர்களைப் பேசச் சொன்னால் விடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அத்தையின் கைகளைப் பார்த்தேன். அவை காலியாக இல்லை. அதுதான் சரியில்லை.

"அத்தை, பாத்திரத்தைக் குடுங்க" என்று வாங்கி மேஜையில் வைத்தேன்.

"இதையும் வாங்கிக்கோம்மா" என்றார் சித்தப்பா.

"அது கனமா இருக்கும் சித்தப்பா. நீங்களே ரெண்டு கையாலயும் பிடிச்சு வைங்க. பாப்பாவை யாராவது வாங்கிப்பாங்க."

அம்மா வழக்கம்போல முன்னால் போனார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு முதுகு வலி" என்றார்.

"எனக்கும்" என்றார் அப்பா. எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற பழக்கம் அன்று ஒரு நாள் உதவியது.

"நான் வாங்கிக்கிறேன்" என்று தம்பி ஓடினான். சட்டையைப் பிடித்து நிறுத்தி அவன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தேன்.

சித்தப்பா கையில் பாத்திரம் சரிய ஆரம்பித்தது. பாப்பாவும் நெளிந்தது.

"டேய், பார்த்துடா" என்றார் அத்தை. "புள்ளையை இப்படியா பிடிப்பாங்க? கொடு இங்க."

சித்தப்பா கொடுத்தார்.

பாப்பா அத்தையை உற்றுப் பார்த்தது. பிறகு அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கண்ணாடி போன பிறகுதான் அத்தையின் கண்கள் நிறைந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

"இவளுக்கு அப்படியே உன் மூக்குடா" என்றார் அத்தை.

சித்தப்பா பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். "அன்னைக்கு உங்களுக்குத்தான்க்கா முதல்ல போன் பண்ணியிருக்கணும். ஆஸ்பத்திரில இருந்த பயத்துல எனக்கு ஒண்ணும் ஓடலை."

"நீ சொல்லாட்டி என்ன? என் தம்பி வீட்டுக்கு வர எனக்கு யாரு சொல்லணும்? நான்தான் வந்திருக்கணும்." அத்தை பாப்பாவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். "சரி சரி, சோறு ஆறுது. குழந்தைங்க பசியோட இருக்காங்க."

யார் வீட்டுச் சாப்பாட்டை முதலில் பரிமாறுவது என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோதே, தம்பி இரண்டு பாத்திரத்திலிருந்தும் அள்ளி ஒரே தட்டில் போட்டுப் பிசைந்துவிட்டான். நாங்களும் அப்படியே சாப்பிட்டோம். சித்தப்பா சமைத்ததில் உப்பு தூக்கலாக இருந்தது. அத்தை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதையே இரண்டு தடவை போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தார்.

மூடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. "வா வக்கீலம்மா, ஏறலாம்" என்று சித்தப்பா என் கையைப் பிடித்தார். அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் கிளம்பினார்கள்.

"அத்தை, நீங்க?"

"நான் வரலை. பாப்பாவுக்குத் தூக்கம் வருது."

பாப்பா கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது.

படிகள் சுற்றிச் சுற்றிப் போயின. முதலில் ஓடினேன், பிறகு நடந்தேன், கடைசியில் சித்தப்பா என் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். உச்சிக்கு வந்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கண் போகும் தூரம் வரை கடல். கீழே இரண்டு சாலைகள். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு எங்கள் மேஜை, அதன் பக்கத்தில் அத்தை.

"அக்கா" என்று சித்தப்பா இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார். நான் கையை வீசி வீசி ஆட்டினேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கை ஒழியவில்லை. அதனால் பாப்பாவின் கையைப் பிடித்து எங்களைப் பார்த்து ஆட்டினார்.